ஷேக்கர் சமூகத்தின் பொது உணவு மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்கர்கள் என்போர் யார்?

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தோன்றிய சிறிய கிறித்தவக் குழுவினர். அக்குழுவின் தாயாகப் போற்றப்படும் ஆன் லீ ஒரு கொல்லரின் மகள். பெற்ற நான்கு குழந்தைகளையும் இளம்பருவத்திலேயே பறிகொடுத்தவர். அவர் 1774இல் எட்டுப் பேருடன் கடல் கடந்து நியூயார்க்கை அடைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆல்பனி நகருக்கு அருகிலுள்ள நிஸ்கயூனாவில் அக்குழு குடியமர்ந்தது. 1784இல் அவர் மறைந்த பின், ஜோசப் மீச்சமும் லூசி ரைட்டும் சிதறிக் கிடந்த விசுவாசிகளை ஊர் ஊராகத் திரட்டி ஒழுங்கான குடியிருப்புகளாக அமைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெய்ன் மாநிலம் முதல் கென்டக்கி வரை ஏறத்தாழ 20 குடியிருப்புகளில் சில ஆயிரம் பேர் வாழ்ந்தனர். மணவாழ்க்கையைத் துறத்தல், பாவ அறிக்கை, பொதுவுடைமை ஆகிய மூன்றும் அவர்களுடைய வாழ்வின் அடித்தளங்கள்.

ஒரு மேசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

ஷேக்கர்கள் தங்கள் கூட்டு வாழ்க்கையின் தொடக்கத்தையே ஒரு விருந்தோடு இணைத்து நினைவுகூர்ந்தனர். நியூயார்க் மாநிலத்து நியூ லெபனானில் கூடிய விசுவாசிகள் 1787ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று முதன்முதலாக ஒன்றாக அமர்ந்து உணவருந்தினர். சொத்துகளைப் பொதுவாக்கும் உடன்படிக்கையில் அவர்கள் கையெழுத்திட்டது 1795இல்தான். எழுத்து பின்னால் வந்தது. பந்தி முன்னால் வந்தது. "விசுவாசிகளெல்லாரும் ஒருமித்திருந்து, சகலத்தையும் பொதுவாய் வைத்து" வாழ்ந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறும் ஆதித் திருச்சபையை மீண்டும் மண்ணில் நடத்திக்காட்டுவதே அவர்களுடைய நோக்கம் என்பதால், ஒன்றாக உண்பது வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணைச் சடங்கை ஷேக்கர்கள் கடைப்பிடிக்கவில்லை. தண்ணீர் ஞானஸ்நானத்தையும் விட்டுவிட்டனர். அவர்களுடைய வழிபாட்டு மண்டபத்தில் பலிபீடமோ பிரசங்க மேடையோ இல்லை. ஆடிப் பாடி வழிபடுவதற்கேற்ற திறந்த மரத்தளம் மட்டுமே இருந்தது. சடங்கு மேசையை நீக்கிய ஒரு சமயம், நாள்தோறும் மூன்று வேளை முழந்தாளிட்டு எழுந்து அமரும் மேசையைத் தன் வாழ்வின் நடுவில் வைத்துக்கொண்டது. உணவு மேசையைப் பலிபீடத்துக்கு மாற்று என்று அவர்கள் அழைக்கவில்லை, நாமும் அவர்கள் சார்பில் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. ஆயினும் சடங்கையும் அன்றாட வேலையையும் பிரிக்க மறுத்தவர்களுக்கு, உண்பதே வழிபாட்டின் தொடர்ச்சியாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஒரு வேளை உணவு எவ்வாறு நடைபெற்றது?

30 முதல் 100 பேர் வரை ஒரே குடியிருப்பு இல்லத்தில் வாழ்ந்தனர். இரத்த உறவால் அன்றி நம்பிக்கையால் இணைந்த அந்தக் கூட்டத்தை அவர்கள் "குடும்பம்" என்றே அழைத்தனர். மணி அடித்ததும் ஆண்கள் ஒரு கதவு வழியாகவும் பெண்கள் மற்றொரு கதவு வழியாகவும், மூப்பர்கள் என்னும் தலைவர்கள் முன்செல்ல, வரிசையாக உணவறைக்குள் வருவர். தத்தம் இருக்கைக்குப் பின்னால் நின்று, அனைவரும் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டு மௌனமாகச் செபித்து, பின்னர் அமர்வர். உண்ணும்போது பேச்சு இல்லை. உண்டு முடித்ததும் மீண்டும் முழந்தாளிட்டுச் செபித்து, வந்த வரிசையிலேயே வெளியேறுவர்.

பேசாமல் உண்பதற்கு மேசையைப் பரிமாறும் முறையே துணை நின்றது. நால்வருக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் உணவுப் பாத்திரங்கள் வைக்கப்பட்டன. எட்டிக் கேட்கவோ, கை நீட்டி வாங்கவோ தேவை ஏற்படாது. நீண்ட மேசை முழுவதும் இந்த நால்வர் தொகுதி மீண்டும் மீண்டும் வந்தது. சமைக்கும் பொறுப்பு சகோதரிகளிடையே சில வாரங்களுக்கு ஒருமுறை சுழற்சியாக மாறியது. ஆகவே இன்று அமர்ந்து உண்பவர் அடுத்த மாதம் பரிமாறுபவராகவும் இருப்பார்.

மேசையின் அமைப்பில் தனித்து நிற்பது எது?

இரு முனைகளிலும் இடையிலும் நிற்கும் தாங்கிகளின் மேல் நீண்ட பலகையைப் பொருத்திய மேசை ஷேக்கர்களின் கண்டுபிடிப்பு அன்று. இடைக்கால ஐரோப்பிய மடங்களிலும் மாளிகைகளிலும் இத்தகைய மேசைகள் இருந்தன. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் குடியேறிகளும் அவற்றைப் பயன்படுத்தினர். பழைய மேசைகளில் தாங்கிகளை இணைக்கும் நீளச்சட்டம் பெரும்பாலும் தரைக்கு அருகில் அல்லது முழங்கால் உயரத்தில் ஓடும். ஷேக்கர் தச்சர்கள் பல மேசைகளில் அந்தச் சட்டத்தை மேலே தூக்கி, மேற்பலகைக்கு ஒட்டி அடியில் அமைத்தனர்.

இந்த ஒரு மாற்றத்தில் என் மனம் எப்போதும் தங்கிவிடுகிறது. சட்டம் மேலேறியதும் அமர்ந்திருப்பவரின் காலுக்கும் முழங்காலுக்கும் தடையின்றி இடம் கிடைக்கிறது. நாற்காலியை உள்ளே தள்ள முடிகிறது. கீழே துடைப்பம் தங்கு தடையின்றிச் செல்கிறது. மேசைக்கு வலிமை தரும் உறுப்பு பார்வையிலிருந்து மறைந்துவிடுவதால், நீண்ட பலகை மெல்லிய தாங்கிகளின் மேல் இலேசாக நிற்பதுபோல் தோன்றுகிறது. பிணைப்பு மிக உறுதியாக இருக்கிறது, ஆனால் அது எவர் காலையும் இடறுவதில்லை. தன்னை வெளிக்காட்டாமல் பிறரைத் தாங்குவதைப் பணிவு என்று போதித்த சமூகத்தில் இந்த வடிவம் நிலைபெற்றது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. அதே வேளையில், "பணிவின் சின்னமாக இதைச் செய்வோம்" என்று எந்தத் தச்சரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. ஒருவர் வசதியாக அமர வேண்டும், மற்றொருவர் எளிதாகப் பெருக்க வேண்டும் என்ற அக்கறை வடிவத்தைத் தீர்மானித்தது. பொருள் அந்த அக்கறைக்குள்ளேயே இருக்கிறது.

தாங்கிகளின் பாதங்கள் பெரும்பாலும் வில்போல் வளைந்து, தரையை இரு முனைகளில் மட்டும் தொடும். தூண் பகுதி சில மேசைகளில் கடைசல் பிடித்ததாகவும், சிலவற்றில் விளிம்பு சீவிய சதுரக்கட்டையாகவும் இருக்கும். வடகிழக்கு மாநிலங்களில் பைன், மேப்பிள், பெர்ச், செர்ரி மரங்களும், கென்டக்கியில் செர்ரியும் வால்நட்டும் மிகுதியாகப் பயன்பட்டன. நீளத்துக்கு ஒரே அளவு இல்லை. குடும்பத்தின் அளவே மேசையின் அளவு. பெரிய குடும்பங்களின் மேசைகள் 20 அடி வரை நீண்டன.

உணவு நாற்காலிகளின் முதுகு ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது?

தொடக்கத்தில் நீண்ட விசிப்பலகைகளே இருந்தன. ஒருவர் எழ வேண்டுமானால் அருகில் இருப்பவரும் அசைய வேண்டும் என்பது அவற்றின் குறை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஓரிரு குறுக்குப்பட்டைகள் மட்டும் கொண்ட குட்டை முதுகு நாற்காலிகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. உண்டு முடித்ததும் அவை மேசைக்கு அடியில் முழுவதுமாக மறையும். அப்போது அறையில் எஞ்சுவது நீண்ட பலகைகளும் வெறுந்தரையும்தான். யாருடைய இருக்கை எது என்ற தடமே இராது.

எளிமை என்பது அழகை மறுப்பதுதானா?

அழகுக்காக மட்டும் சேர்க்கப்படும் வரிவேலைப்பாடுகளையும் விளிம்புக் கொடுங்கைகளையும் விசுவாசிகள் செய்யலாகாது என்று 1845ஆம் ஆண்டின் சமூக விதித்தொகுப்பு கூறுகிறது. இந்த விதியைப் படித்துவிட்டு ஷேக்கர்கள் அழகுக்குப் பகைவர்கள் என்று முடிவு கட்டுவோர் உண்டு. 1842இல் நியூ லெபனானுக்குச் சென்ற ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கு கண்ட அறையையும் அதிலிருந்த பொருள்களையும் களையற்றவை என்று கடுமையாக எழுதினார்.

விதி தடுத்தது ஒட்டுவேலையை, விகிதத்தை அன்று. பலகையின் கனத்துக்கும் தாங்கியின் மெலிவுக்கும் இடையே எட்டப்பட்ட சமநிலை, வளைந்த பாதத்தின் ஒழுங்கு, கழுந்தும் துளையும் இடைவெளியின்றிப் பொருந்தும் இணைப்பு ஆகியவை அலங்காரம் அல்ல என்பதால் அவை தடைசெய்யப்படவில்லை. எதையும் சேர்க்க முடியாத நிலையில், இருப்பதைச் செம்மையாகச் செய்வது மட்டுமே தச்சருக்கு எஞ்சிய வழி. அந்த வழியில் அவர்கள் எவ்வளவு தூரம் சென்றார்கள் என்பதை மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹான்காக் குடியிருப்பின் உணவறையில் நின்று பார்க்கும் எவரும் உணரலாம். டிக்கன்ஸின் கண் பழகியிருந்தது வேறொரு காலத்து வரவேற்பறைகளுக்கு என்றே கொள்ள வேண்டும்.

இம்மேசையைச் சமத்துவத்தின் சின்னம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னதாகும். ஒரே உணவு, ஒரே வகைப் பாத்திரம், ஒரே வகை இருக்கை, வேறுபாடற்ற நீண்ட பலகை ஆகியவை செல்வரையும் ஏழையரையும் ஒன்றாக்கின. பண்ணை நிலம் கொண்டுவந்து சேர்த்தவரும் வெறுங்கையுடன் வந்தவரும் அங்கு ஒன்றே. பெண்கள் வாக்களிக்க முடியாத ஒரு நாட்டில், மூப்பர் பொறுப்பை ஆணும் பெண்ணும் இணையாக வகித்த சமூகம் அது.

மறுபுறம், அந்த உணவறையில் பிரிவினைகளும் தெளிவாக வரையப்பட்டிருந்தன. ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் உண்டனர். ஆனால் ஒரே மேசையில் அன்று. திருமணமாகி வந்து சேர்ந்த தம்பதியர் அறையின் இரு பக்கங்களில் அமர்ந்தனர். அவர்களுடைய குழந்தைகள் பராமரிப்பாளரின் கண்காணிப்பில் தனியே உண்டனர். ஒரு தாய் தன் பிள்ளையைக் கண்டும், எல்லாப் பிள்ளைகளையும்போல் ஒருவனாகவே நினைக்கப் பழக வேண்டியிருந்தது. இந்த இழப்பின் கனத்தைக் கணக்கில் கொள்ளாமல் ஷேக்கர் மேசையின் அமைதியை வியப்பது நேர்மையன்று.

பல குடியிருப்புகளை மேற்பார்த்த தலைமைக் குழுவினர் பொதுப்பந்தியில் அமரவில்லை. அவர்களுக்குத் தனி உணவறையும் சிறிய மேசையும் இருந்தன. 1830இல் எழுந்த ஹான்காக்கின் செங்கல் இல்லத்திலும் அத்தகைய அறை உண்டு. வெளியுலகத்தார் அலுவலக இல்லத்தில் உபசரிக்கப்பட்டனர். அவர்களுடன் விசுவாசிகள் சேர்ந்துண்பதை விதி கட்டுப்படுத்தியது. ஆகவே அந்த மேசை ஒரே நேரத்தில் ஒன்றுசேர்க்கவும் செய்தது, எல்லை வகுக்கவும் செய்தது. ஷேக்கர்களின் பார்வையில் இவை முரண்பட்டவை அல்ல. இயற்கையான குடும்பப் பிணைப்பைக் கலைத்தால்தான் பெரிய குடும்பம் உருவாகும் என்று அவர்கள் உறுதியாக நம்பினர். அந்த நம்பிக்கையை மரத்தில் வடித்த பொருளாகவே நான் அம்மேசைகளைக் காண்கிறேன். பொதுவான சமத்துவம் என்ற சொல்லைவிட இந்த விளக்கம் அவற்றின் வடிவத்துக்கு நெருக்கமானது.

தட்டில் மிச்சம் வைப்பது ஏன் தவறாகக் கருதப்பட்டது?

எடுத்துக்கொண்டதை முழுவதும் உண்ண வேண்டும் என்பது கண்டிப்பான வழக்கம். ஐந்து அப்பங்களால் திரளான மக்களை உண்பித்த பின், ஒன்றும் வீணாகாதபடி துணிக்கைகளைச் சேர்க்குமாறு இயேசு கூறியதை அவர்கள் ஆதாரமாகக் கொண்டனர். வருகையாளர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று நினைவூட்டும் செய்யுள்கள் அச்சிடப்பட்டு வைக்கப்பட்டிருந்தன. எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்ததை விடலாகாது என்பதே முறை; பட்டினியைப் புகழும் சமூகம் அன்று அது.

ஷேக்கர் ஓவியங்களில் உணவு மேசை இடம்பெறுகிறதா?

இடம்பெறுகிறது, அதுவும் எதிர்பாராத வடிவில். 1837 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஷேக்கர் குடியிருப்புகளில் தரிசனங்களும் ஆவியின் செய்திகளும் பெருகின. தாங்கள் கண்டவற்றைச் சிலர், பெரும்பாலும் பெண்கள், வண்ணங்களில் வரைந்தனர். விண்ணுலகிலிருந்து பெற்ற கொடைகளாக அவை கருதப்பட்டதால் கொடை ஓவியங்கள் என்று அழைக்கப்படுகின்றன. சுமார் 200 ஓவியங்கள் இன்று எஞ்சியுள்ளன.

ஹான்காக் குடியிருப்பைச் சேர்ந்த ஹன்னா கோஹூன் 1854இல் வரைந்த முசுக்கொட்டை மரப் பந்தல் ஓவியத்தில், வளைந்து கவிந்த மரங்களின் கீழ் நீண்ட வெள்ளை மேசை ஒன்று நிற்கிறது. மறைந்த மூப்பர்கள் அம்மரங்களின் கீழ் பணியாரம் உண்டு மகிழ்வதைத் தரிசனத்தில் கண்டதாக ஓவியத்திலேயே அவர் குறித்துள்ளார். அதே ஆண்டு அவர் வரைந்த வாழ்வின் மரம் இன்று எங்கும் அறியப்பட்டது. ஆனால் இந்தப் பந்தல் ஓவியமே என்னை மிகுதியாக ஈர்க்கிறது. ஹான்காக்கின் உணவறையில் நாள்தோறும் அமர்ந்த ஒரு பெண், விண்ணுலகத்தைக் கற்பனை செய்தபோது பொன் சிம்மாசனத்தை அன்று, நீண்ட மேசையை வரைந்திருக்கிறார். பூமியில் அமர்ந்த மேசை விண்ணிலும் தொடரும் என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியாத மேசைகளும் இருந்தன. 1842 முதல் ஒவ்வொரு குடியிருப்பும் அருகிலுள்ள குன்றில் புனிதத் திடல் அமைத்து, குறிப்பிட்ட நாள்களில் அங்கு கூடியது. விசுவாசிகள் ஆவிக்குரிய கனிகளையும் திராட்சரசத்தையும் கையால் ஏந்துவதுபோலவும் உண்பதுபோலவும் அபிநயித்து விருந்து கொண்டாடினர். கீழே இல்லத்தில் மௌனமாக உண்டவர்களே மேலே குன்றில் ஆடிப்பாடி, உருவமற்ற உணவைப் பகிர்ந்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், உணவறையின் மௌனம் வறட்சியன்று என்பது விளங்கும்.

இந்த ஓவியங்கள் உணவறைச் சுவர்களை அலங்கரித்தனவா?

இல்லை. சுவரில் படம் மாட்டுவதை விதிகள் தடுத்தன. ஓவியங்கள் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டன. உணவறைச் சுவரில் இருந்தவை, நாற்காலியையும் தொப்பியையும் மாட்டுவதற்கான மரமுளைகள் வரிசையாகப் பொருத்திய சட்டங்களே.

மேசைகளைச் செய்த தச்சர்களின் பெயர்கள் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. பிற்காலத்தார் தன் கைவேலையை அறியும்படி எவரும் பொருள்மீது பெயர் பொறிக்கலாகாது என்பது 1845ஆம் ஆண்டு விதிகளுள் ஒன்று. விதியை மீறிப் பெயரோ ஆண்டோ குறித்தவர்களும் உண்டு. கோஹூன் தம் ஓவியங்களில் கையெழுத்திட்டதும் இதே காரணத்தால் கவனிக்கத்தக்கது.

வெளியுலகம் இவற்றைக் கலைப்பொருள்களாகக் காணத் தொடங்கியது எப்போது?

சமூகம் சுருங்கிய பின்னரே. 1923இல் எட்வர்ட் டெமிங் ஆண்ட்ரூஸ், ஃபெய்த் ஆண்ட்ரூஸ் என்ற தம்பதியர் ரொட்டி வாங்குவதற்காக ஹான்காக்கில் நின்றனர். சமையலறையில் அவர்கள் கண்ட தாங்கி மேசையும் விசிப்பலகைகளும் அவர்களுடைய வாழ்நாள் ஆய்வுக்குத் தொடக்கமாயின. ஓவியர் சார்லஸ் ஷீலர் ஷேக்கர் பொருள்களைச் சேகரித்து, தம் வீட்டிலிருந்த நீண்ட மேசையையும் விசிப்பலகைகளையும் 1931ஆம் ஆண்டு ஓவியமொன்றின் நடுவில் வரைந்தார். அதில் அமர்ந்திருப்பவர் எவரும் இல்லை. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் மேசை தூய வடிவமாகிவிடுகிறது. 1935இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஷேக்கர் கைவினைகளுக்கென ஒரு கண்காட்சி நடத்தியது. டென்மார்க்கில், நுகர்வோர் கூட்டுறவு அமைப்புக்காகப் பணியாற்றிய போர்கே மோகென்சென் 1940களில் ஷேக்கர் மரபைத் தழுவிய மேசையையும் நாற்காலியையும் வடிவமைத்தார். கூட்டுறவின் வழியே சாதாரண வீடுகளுக்குச் செல்ல வேண்டிய பொருள்கள் அவை என்பதால், சேகரிப்பாளர்களின் விலைப்போட்டியைவிட மோகென்செனின் வழியே மூலநோக்கத்துக்கு நெருங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

இன்று இம்மேசைகளை எங்கே காணலாம், எதைக் கவனிக்க வேண்டும்?

மாசசூசெட்ஸின் ஹான்காக், நியூ ஹாம்ப்ஷயரின் கேன்டர்பரி, கென்டக்கியின் பிளெசன்ட் ஹில் ஆகிய குடியிருப்புகள் இன்று அருங்காட்சியகங்கள். மெய்ன் மாநிலத்தின் சப்பத்டே லேக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஷேக்கர்கள் இன்னும் வாழ்கின்றனர்.

ஹான்காக்கின் செங்கல் இல்லத்தில், கீழ்த்தளச் சமையலறையிலிருந்து உணவை மேலே உணவறைக்கு ஏற்றிய தூக்கு அலமாரிகளைத் தவறாமல் பாருங்கள். ஏறத்தாழ 100 பேருக்குப் பரிமாறிய சகோதரிகளின் உழைப்பை அது குறைத்தது. மேசையருகே சென்றால் மேற்பரப்பைவிட அடிப்பகுதியைக் குனிந்து நோக்குவது நல்லது. நீளச்சட்டம் எந்த உயரத்தில் ஓடுகிறது, தாங்கிகள் பலகையின் முனையிலிருந்து எவ்வளவு உள்ளடங்கி நிற்கின்றன, பலகை பிற்காலத்தில் அறுத்துக் குறுக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை அங்குதான் காண முடியும். குடும்பம் சிறுத்தபோதோ விற்பனைக்கு வந்தபோதோ வெட்டப்பட்ட மேசையில், தாங்கிகளுக்கு வெளியே நீளும் பலகையின் அளவு இரு முனைகளிலும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.